தனித்தனி ட்ராக்கில் ரெக்கார்டு செய்த பாட்டில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

குரல், கிட்டார், தாளம், பேஸ் என்று ஒவ்வொன்றாக ரெக்கார்டு செய்து சேர்க்கும்போது வரும் தகராறுகள் நூறு விதமாகத் தெரியும். திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில், பெரும்பாலானவை ஒன்பது அறிகுறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. காரணங்களும் சாதாரணமானவைதான்: ஒரு கேபிள், ஒரு செட்டிங், அணைக்க மறந்த ஒரு பட்டன். புது மைக் வாங்கித்தான் தீரவேண்டும் என்ற கட்டம் அரிதாகவே வருகிறது. ஆகவே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

## முதல் சோதனை: கோளாறு ஃபைலில் இருக்கிறதா, கேட்கும் வழியில் இருக்கிறதா?

ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுதாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு சந்தேகப்படும் ட்ராக்கை மட்டும் சோலோ போட்டு (மற்றவை கேட்காதபடி தனியாக ஓடவிட்டு), அதன்மேல் உள்ள ப்ளகின்களையும் (ஒலியை மாற்றும் துணை நிரல்கள்) மாஸ்டரில், அதாவது எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி ட்ராக்கில், உள்ளவற்றையும் அணைத்து, கோளாறு வரும் இடத்தை மூன்று தடவை ஓடவிட்டுக் கேளுங்கள்.

மூன்று தடவையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருகிறது: ஃபைலிலேயே பதிந்துவிட்டது. ரெக்கார்டு செய்த நேரத்தில் நடந்ததைத் தேட வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வருகிறது: ஃபைல் சுத்தம். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), ஹெட்ஃபோன் இந்த மூன்றில் ஒன்று.

சோலோவில் வரவே இல்லை, எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் வருகிறது: மிக்ஸில் இருக்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்த ட்ராக்கின் வேவ் ஃபைலை ஃபோனில் போட்டுக் கேளுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் கோளாறின்மேல் ப்ளகின் போட்டு மூடப் பார்ப்பதில்தான் அதிக நேரம் வீணாகிறது. ஃபைலில் இருக்கும் கோளாறை மிக்ஸில் தேடிக்கொண்டிருந்தால் விடியவே விடியாது.

## அறிகுறி 1: புது ட்ராக் பழைய ட்ராக்கோடு சேரவில்லை

எப்படி விலகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாட்டின் ஆரம்பத்தில் ஓர் அடியையும் கடைசியில் ஓர் அடியையும் பெரிதாக்கிப் பார்த்தால், கீழே உள்ள மூன்றில் எது என்று தெரிந்துவிடும்.

### தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு தள்ளி இருக்கிறது

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடினீர்களா? வேறு எதையும் பார்க்க வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி வந்து சேரவே நூறு, இருநூறு மில்லிசெகண்ட் ஆகிவிடும். தாமதமாகக் கேட்பவர் தாமதமாகத்தான் பாடுவார். வயர் உள்ள ஹெட்ஃபோனுக்கு மாறிவிட்டு மறுபடி ஒரு டேக் எடுங்கள்.

வயர்தான் என்றால் ட்ரைவரைப் பாருங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களே தரும் ஏசியோ ட்ரைவரைப் போட்டு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் அதையே தேர்ந்தெடுங்கள். பொதுவான ட்ரைவரில் ஓடும்போது, சாஃப்ட்வேருக்குத் தாமதம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் எவ்வளவு ஈடுகட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? மேக்கில் கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம், ரெக்கார்டு செய்யும்போது மாஸ்டரில் லிமிட்டர் (உச்சங்களை அமுக்குவது), லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் தாழ்வு, உயர்வுப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஒரு வகை) மாதிரியான ப்ளகின்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அவை வேலை செய்யவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்பவை. ரெக்கார்டிங் முடியும்வரை அணைத்து வைப்பதே நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் விலகினால் லூப்பேக் சோதனை செய்யுங்கள், அதாவது வெளியே போகும் ஒலியை அப்படியே உள்ளே பதிந்து தாமதத்தை அளப்பது. ஒரு கேபிள் போதும்:

1. இன்டர்ஃபேஸின் ஒரு லைன் அவுட்டிலிருந்து ஒரு லைன் இன்னுக்குக் கேபிள் போடுங்கள். ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைந்திருக்கட்டும். ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.
2. ஒரு ட்ராக்கில் கூர்மையான க்ளிக் சத்தம் ஒன்றை வையுங்கள்.
3. இன்னொரு ட்ராக்கில் அந்த இன்புட்டை ரெக்கார்டுக்குத் தயார் செய்து, அதன் மானிட்டரை (உள்ளே வரும் ஒலியை உடனே கேட்கவிடும் வசதி) அணையுங்கள். அணைக்காவிட்டால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து அலறும்.
4. க்ளிக்கை ஓடவிட்டு ரெக்கார்டு செய்யுங்கள். இரண்டு க்ளிக்கையும் பெரிதாக்கி, இடையில் எத்தனை சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) என்று எண்ணுங்கள்.
5. அந்த எண்ணை ரெக்கார்டிங் ஆஃப்செட் அல்லது லேட்டன்சி காம்பென்சேஷன் என்று இருக்கும் இடத்தில் போட்டு மறுபடி சோதியுங்கள். விலகல் பூஜ்யத்துக்கு வந்தால் சரி. இரட்டிப்பானால் கூட்டல், கழித்தல் குறியை மாற்றுங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் இந்த இடத்தில் −130 மில்லிசெகண்ட் என்ற எண் முன்கூட்டியே இருக்கும். அது உத்தேச எண்தான். உங்கள் கருவிக்கு உரிய எண்ணை மேற்சொன்னபடி அளந்து, மில்லிசெகண்ட் கணக்கில் போட்டுவிட்டால் தொந்தரவு தீரும். பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலியின் அளவு) அல்லது சாம்பிள் ரேட்டை (ஒரு செகண்டுக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்) மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

### ஆரம்பத்தில் சேர்கிறது, போகப் போக விலகுகிறது

விலகல் பெரிதா, சிறிதா? சில செகண்டுகளிலேயே தாளம் தப்பி, சுருதியும் மாறியிருந்தால் சாம்பிள் ரேட் குழப்பம். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த 3 நிமிட ட்ராக் 48இல் ஓடினால், 2 நிமிடம் 45 செகண்டில் முடிந்துவிடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். ப்ராஜெக்ட், இன்டர்ஃபேஸ், ஃபைல் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலை உள்ளே கொண்டுவரும்போது "மாற்றிக்கொள்ளவா?" என்று சாஃப்ட்வேர் கேட்டால் சரி என்று சொல்லுங்கள்.

சுருதி மாறவில்லை, வேகம் மட்டும் மாறியிருக்கிறதா? உள்ளே வரும் ஃபைலைப் ப்ராஜெக்டின் டெம்போவுக்குத் தானாக இழுத்து ஒட்டும் வசதி பல சாஃப்ட்வேர்களில் உண்டு. நண்பர் அனுப்பிய குரல் ட்ராக் இதில்தான் அடிக்கடி மாட்டும். அந்த க்ளிப்புக்கு அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் நிமிடம், நான்காம் நிமிடத்தில்தான் உறுத்த ஆரம்பிக்கிறது என்றால், இரண்டு கருவிகளில் தனித்தனியாக ரெக்கார்டு செய்திருப்பீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 5 நிமிடத்தில் 15 மில்லிசெகண்ட் விலகிவிடும். ஏற்கெனவே எடுத்த ட்ராக்கை, ஆரம்பத்திலும் கடைசியிலும் உள்ள ஓர் அடியைப் பிடித்து மிக லேசாக இழுத்துச் சரிசெய்யலாம். அடுத்த தடவை, எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் விழும்படி தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாகக் கைதட்டிப் பதிந்துகொள்ளுங்கள், வேலை சுலபமாகும். எல்லா மைக்கும் ஒரே இன்டர்ஃபேஸில் போனால் இந்தப் பிரச்சினையே எழாது.

### சில இடங்களில் மட்டும் முன்பின்னாக இருக்கிறது

இது பெரும்பாலும் வாசித்தவர் சார்ந்தது. அதில் குறையேதும் இல்லை. ஹெட்ஃபோனில் க்ளிக்கும் (வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஒலி) தாள ட்ராக்கும் தெளிவாகக் கேட்டனவா என்று அவரிடமே கேளுங்கள். ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற எஃபெக்ட்) நிறைந்த, மற்ற வாத்தியங்கள் எல்லாம் கொட்டிக்கிடக்கும் ஹெட்ஃபோன் மிக்ஸில் யாராலும் தாளம் பிடிக்க முடியாது. தாளம், சுருதி தரும் ஒரு வாத்தியம், அவருடைய சொந்த ஒலி, இந்த மூன்றையும் மட்டும் வைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் மறுபடி எடுங்கள்.

ஒரு "டிக்" சத்தத்துக்குப் பிறகு மீதிப் பாட்டு முழுவதும் தள்ளிப்போயிருந்தால், ரெக்கார்டு செய்யும்போது ஒலியில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அறிகுறி 3க்குப் போங்கள்.

யாரையாவது கூப்பிட வேண்டிய கட்டம்: ட்ரைவரைப் புதிதாகப் போட்ட பிறகும், லூப்பேக் எண் ஒவ்வொரு தடவையும் கணிசமாக மாறிக்கொண்டே இருந்தால், வேறு கம்ப்யூட்டரில் ஒரு தடவை செய்து பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் இன்டர்ஃபேஸை சர்வீஸுக்குக் கொடுக்கலாம்.

## அறிகுறி 2: பாடும்போது தன் குரலே தாமதமாகவோ இரட்டையாகவோ கேட்கிறது

இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல: ஒரே குரல் இரண்டு வழியில் வருகிறது. கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராகக் கேட்கவிடும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவரும் சாஃப்ட்வேர் மானிட்டர் இன்னொன்று. ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

தாமதமாக மட்டும்: டைரக்ட் மானிட்டரைப் போட்டு, சாஃப்ட்வேர் மானிட்டரை அணைப்பதே எளிய தீர்வு. அந்த வசதி இல்லாவிட்டால் பஃபரைக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், போய்வர அதன் இரண்டு மடங்கும் கொஞ்சம் கூடவும் ஆகும். 128 அல்லது 64க்கு இறக்கினால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. பாடகர் ரிவெர்ப் கேட்டால், டைரக்ட் மானிட்டரில் வெறும் குரலும் சாஃப்ட்வேரிலிருந்து ரிவெர்ப் மட்டுமுமாகக் கொடுங்கள். ரிவெர்ப் சற்றுப் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது.

கேட்கும்போது தாமதம் என்பதற்காகப் பதிந்த ட்ராக்கை முன்னே இழுத்துவிடாதீர்கள். பதிவில் அது சரியான இடத்திலேயே இருக்கக்கூடும். முதலில் லூப்பேக் சோதனை.

## அறிகுறி 3: டிக் டிக், சடசட என்று இடையில் சத்தம்

### ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில்

கம்ப்யூட்டர் திணறுகிறது. மிக்ஸிங்கின்போது குறைந்த பஃபர் தேவையே இல்லை. 512 அல்லது 1024க்கு ஏற்றிவிடுங்கள். பாதிப் பேருக்கு இத்துடன் முடிந்துவிடும். முடியாவிட்டால்: இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள், பவர் செட்டிங்கை முழுத்திறனுக்கு வையுங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள், கனமான ப்ளகின்கள் உள்ள ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ப்ளகினின் விளைவோடு தற்காலிக ஃபைலாக்கி வைப்பது), டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற நிரலைச் சில நிமிடம் ஓடவிட்டால், எந்த ட்ரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் ட்ரைவராக இருக்கும்.

### ஒரே இடத்தில்

அந்த இடத்தில் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா? இருந்தால் 5 முதல் 10 மில்லிசெகண்ட் க்ராஸ்ஃபேட் (ஒன்று அடங்க மற்றது எழும்படி இணைப்பது) போடுங்கள், போய்விடும். வெட்டு இல்லை, அலைவரி மட்டும் செங்குத்தாகத் துண்டிக்கப்பட்டதுபோல் இருந்தால், பதிவிலேயே துண்டு விடுபட்டிருக்கிறது. அதை எந்த ப்ளகினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பஃபரை ஏற்றிவிட்டு அந்த வரியை மறுபடி எடுங்கள். குரல் ட்ராக்கில் சொல்லுக்குச் சொல் சின்னச் சின்ன டிக் என்றால் அது வாய் உலர்ந்த சத்தம். தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினால் குறையும்.

### கடிகாரம் போல ஒரே இடைவெளியில்

இரண்டு டிஜிட்டல் கருவிகளை ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் கேபிளில் இணைத்திருக்கிறீர்கள், இரண்டும் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றை இன்டர்னல் க்ளாக்கில் விட்டு, மற்றதை எக்ஸ்டர்னலுக்கு மாற்றுங்கள்.

கூப்பிட வேண்டிய கட்டம்: வேறு யு.எஸ்.பி கேபிள், வேறு கம்ப்யூட்டர் இரண்டிலும் தொடர்ந்தால் இன்டர்ஃபேஸ். யு.எஸ்.பி வாயை லேசாக அசைக்கும்போது இணைப்பு போய்வந்தால், சாலிடர் விட்டிருக்கிறது. சிறிய வேலைதான், ஆனால் பழகியவர் கையில் கொடுங்கள்.

## அறிகுறி 4: கரகரப்பு

அலைவரியைப் பெரிதாக்குங்கள். மேலும் கீழும் கத்தரித்ததுபோல் தட்டையாக இருந்தால் இன்புட்டிலேயே க்ளிப் ஆகியிருக்கிறது, அதாவது அளவு மீறி உச்சங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஃபேடரை (ட்ராக்கின் ஒலி அளவை ஏற்றி இறக்குவது) இறக்கினால் சத்தம் குறையுமே தவிரக் கரகரப்பு போகாது. டீக்ளிப் செய்யும் ப்ளகின்கள் ஓரிரு உச்சங்களைக் காப்பாற்றும். பாட்டு முழுக்க க்ளிப் ஆகியிருந்தால் மறுபடி பாடுவதுதான் வேகமான வழி. அடுத்த டேக்குக்கு, பாட்டில் உரத்த வரியைப் பாடச் சொல்லி, உச்சம் −12 முதல் −10 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கெய்னை (இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் ஒலியின் அளவுக் குமிழ்) வையுங்கள். சோதிக்கும்போது பாடுவதைவிட உண்மையான டேக்கில் எல்லோரும் உரக்கப் பாடுவார்கள். அந்த இடம் தேவை. 24 பிட்டில் பதியும்போது மீட்டர் சிவப்பைத் தொடும்வரை கெய்னை ஏற்ற எந்த அவசியமும் இல்லை. "சத்தமாகப் பதிந்தால்தான் தரம்" என்ற பழைய எண்ணம் இன்னும் பல டேக்குகளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

தட்டையாக இருக்கிறது, ஆனால் 0 டெசிபெல்லுக்கு வெகு கீழேயே தட்டையாக இருக்கிறது என்றால், சாஃப்ட்வேருக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. வெளி மிக்ஸர், ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி), பேட்டரி தீரும் நிலையில் இருக்கும் பெடல் அல்லது கிட்டார் பிக்கப், இவற்றை வரிசையாகக் கழற்றிப் பாருங்கள். கீபோர்டு மாதிரி லைன் சிக்னல் தருவதை மைக் இன்புட்டில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

தனித்தனியாகச் சுத்தம், சேர்த்தால் மட்டும் கரகரப்பு: மாஸ்டர் நிரம்பி வழிகிறது. ட்ராக்குகள் சேரச் சேர அளவு ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒலியுள்ள இரண்டு ட்ராக் சேர்ந்தால் 6 டெசிபெல் கூடும். எல்லா ஃபேடரையும் ஒன்றாகத் தேர்ந்து 6 டெசிபெல் இறக்குங்கள். லிமிட்டரைப் போட்டு அமுக்க வேண்டாம், அது கடைசியில் செய்கிற வேலை.

எம்பி3 ஆக்கிய பிறகு மட்டும்: சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும். மாஸ்டர் லிமிட்டரின் உச்சவரம்பை −1 டெசிபெல்லில் வைத்து, ட்ரூ பீக் வசதி (சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சத்தையும் கணக்கிடுவது) இருந்தால் அதையும் போட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

கூப்பிட வேண்டிய கட்டம்: அதே மைக், அதே கேபிள் இரண்டாவது இன்புட்டில் சுத்தமாக வருகிறது, முதல் இன்புட்டில் கெய்ன் குறைவாக இருந்தும் கரகரக்கிறது என்றால் அந்த ப்ரீஆம்ப் போய்விட்டது. கெய்ன் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி அல்லது தேய்மானம்.

## அறிகுறி 5: பின்னணியில் ஹம், ஊளை, இரைச்சல்

### தாழ்ந்த "ம்ம்ம்"

மின்சாரத்திலிருந்து வருகிறது. நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓடவிடுங்கள். ஹம் நின்றால் எர்த் சுற்று. கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் தீரும். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் பேலன்ஸ்டு வகையா என்று பாருங்கள், எக்ஸ்.எல்.ஆர் அல்லது மூன்று தொடுமுனை உள்ள டி.ஆர்.எஸ். கிட்டார் என்றால் வாசிப்பவர் மெதுவாகத் திரும்பி உட்காரட்டும். ஹம் ஏறி இறங்கினால் பிக்கப் அருகிலுள்ள அடாப்டரையோ மங்கல் விளக்கின் டிம்மரையோ பிடிக்கிறது. விலகி உட்கார்ந்தால் போதும்.

பிளக்கின் எர்த் காலை மட்டும் எக்காரணத்துக்காகவும் உடைக்காதீர்கள், மூடாதீர்கள். ஹம் நின்றுவிடும், உயிருக்குக் காவலும் போய்விடும். எர்த் சுற்றை முறிக்க ஆடியோ கேபிளில் செருகும் டி.ஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அதுதான் முறையான வழி.

### மவுஸை நகர்த்தினால் மாறும் கீச்சொலி

யு.எஸ்.பி மின்சாரத்தில் கலக்கும் இரைச்சல். வேறு வாயில் செருகுங்கள், சொந்த அடாப்டர் உள்ள ஹப் வழியாகக் கொடுத்துப் பாருங்கள்.

### "ஸ்ஸ்ஸ்" என்ற காற்று இரைச்சல்

தனியாகக் கேட்டால் பொருட்டே இல்லாத இரைச்சல், ட்ராக்குகள் சேரும்போது எழுந்துவிடும். ட்ராக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் இரைச்சல் 3 டெசிபெல் ஏறும். ஒரே அளவு இரைச்சலுள்ள 16 ட்ராக் சேர்ந்தால் 12 டெசிபெல். ஆகவே முதல் வேலை, யாரும் பாடாத, வாசிக்காத இடங்களை ஒவ்வொரு ட்ராக்கிலும் வெட்டி எறிந்து ஓரங்களில் ஃபேட் போடுவது. செலவில்லாத இந்த வேலை செய்யும் மாற்றத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்த டேக்குக்கு மைக்கை அருகே கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும், கெய்னை அந்த அளவு இறக்கிவிடலாம். டைனமிக் மைக்கில் கெய்ன் முழுக்கத் திறந்தும் போதவில்லை என்றால் மட்டும், நடுவில் சிக்னலைக் கூட்டும் ஒரு பூஸ்டரைப் பற்றி யோசியுங்கள்.

கூப்பிட வேண்டிய கட்டம்: மைக்கையோ கிட்டார் கம்பியையோ தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால், உதட்டில் கூசினால், அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணையுங்கள். அது ரெக்கார்டிங் பிரச்சினை இல்லை, வயரிங் பிரச்சினை. எலெக்ட்ரீஷியன் பார்த்து எர்த் சரி என்று சொல்லும்வரை ரெக்கார்டிங் வேண்டாம்.

## அறிகுறி 6: தனியாகக் கனமாக இருக்கிறது, சேர்த்தால் மெலிந்துவிடுகிறது

ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்தவர்கள் இதைச் சந்திக்காமல் இருக்கவே முடியாது. ஒரு ட்ராக்கில் போலாரிட்டியைத் திருப்பும் (அலையை மேல் கீழாகப் புரட்டும்) பட்டனை அழுத்துங்கள். அடிநாதம் திரும்பி வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மிருதங்கம் மாதிரி இரு முகம் உள்ள வாத்தியத்தில் இரண்டு பக்கமும் மைக் வைத்தால் இந்தப் பட்டனைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் தோல் மைக்கை நோக்கி வரும்போது மறுபக்கத் தோல் தன் மைக்கைவிட்டு விலகிப் போகக்கூடும்.

பட்டனால் நிலைமை மாறுகிறது, ஆனால் தீரவில்லை என்றால் நேர வித்தியாசம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட் ஆகும். கிட்டாரை நேர் கேபிளிலும், ஆம்ப் முன் 30 சென்டிமீட்டரில் வைத்த மைக்கிலும் எடுத்தால், மைக் ட்ராக் சுமார் 0.9 மில்லிசெகண்ட் பிந்தும். சிறிய எண்தான். ஆனால் ஒரு மில்லிசெகண்ட் விலகலே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி பறித்துவிடும். சம அளவில் கலந்தால் மிக மோசம். முதல் அடியைப் பெரிதாக்கி இரண்டு அலையும் ஒன்றாக எழும்படி ஒரு ட்ராக்கை நகர்த்துங்கள். அறை முழுக்க எடுக்கும் தூர மைக்கை மட்டும் இப்படி இழுக்க வேண்டாம், அந்தப் பிந்தல்தான் அறையின் அகலம்.

அடுத்த ரெக்கார்டிங்குக்கு: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பாடும்போது, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் மைக்குகளுக்கு இடையே இருக்கட்டும்.

இரண்டு மைக்கே வைக்கவில்லை என்றால், ஒரே ட்ராக்கை நகல் எடுத்து ஒன்றில் மட்டும் ப்ளகின் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ப்ளகின் எடுக்கும் நேரத்தை ஈடுகட்டும் "ப்ளகின் டிலே காம்பென்சேஷன்" அணைந்திருந்தால் அந்த நகல் பிந்தும்.

ஸ்டீரியோவில் நன்றாக இருந்து, ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு வாத்தியம் காணாமல் போகிறதா? மாஸ்டரை மோனோவாக்கிக் கேளுங்கள். மறையும் ட்ராக்கில் அகலப்படுத்தும் ப்ளகின் இருக்கும். எடுத்துவிட்டு, இரண்டு தடவை தனித்தனியாக வாசித்ததை இடமும் வலமும் வையுங்கள். அது மோனோவிலும் நிற்கும்.

குரல் மட்டும் மாயமாகி ஓரங்கள் மட்டும் கேட்டால் மிக்ஸைத் தொடாதீர்கள். ஹெட்ஃபோன் பின் முழுதாகச் செருகப்படவில்லை, அல்லது அதன் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது.

கூப்பிட வேண்டிய கட்டம்: குறிப்பிட்ட ஒரு மைக் கேபிள் போடும்போதெல்லாம் போலாரிட்டி திரும்புகிறது என்றால் எக்ஸ்.எல்.ஆரின் 2ஆம், 3ஆம் பின் மாறிச் சாலிடர் ஆகியிருக்கும். சாலிடர் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

## அறிகுறி 7: புது ட்ராக்கில் பழைய ட்ராக்கும் சேர்ந்து பதிந்திருக்கிறது

பழைய பாட்டு முழுசாக, தெளிவாகப் பதிந்திருந்தால் தவறான இன்புட். இன்டர்ஃபேஸில் லூப்பேக், கம்ப்யூட்டரில் "ஸ்டீரியோ மிக்ஸ்" போன்றவை தேர்வாகியிருக்கும். மைக் இன்புட்டுக்கு மாற்றுங்கள். தூரத்தில் மெல்லிய கொசு மாதிரி கேட்டால் ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குக் கசிகிறது. இதற்குத் தீர்வு: பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன், குறைந்த ஒலி, ஒரு காதைத் திறந்து பாடுபவர் என்றால் அந்தப் பக்கத்தை ம்யூட் செய்வது, பாட்டு அடங்கும் கடைசி வரிகளில் க்ளிக்கை நிறுத்துவது. குரலின் கசிவு மிக்ஸில் மறைந்துவிடும், க்ளிக்கின் கசிவு மறையவே மறையாது.

## அறிகுறி 8: எல்லாம் சுத்தமாக இருந்தும் மிக்ஸ் கலங்கலாக, குரல் அமுங்கியிருக்கிறது

எல்லா ப்ளகினையும் அணைத்து எல்லா ஃபேடரையும் கீழே இறக்கி, குரலை முதலில் ஏற்றுங்கள். பிறகு தாளம், பேஸ், மீதி ஒவ்வொன்றாக. குரலை எது அமுக்குகிறது என்று அது ஏறும் தருணத்திலேயே தெரிந்துவிடும். வெறும் ஃபேடரால் முக்கால்வாசி தீராத மிக்ஸை ப்ளகினால் தீர்ப்பது கடினம்.

பிறகு, அடிநாதம் தேவையில்லாத ட்ராக்குகளில், தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். குரலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் ஒரு தொடக்கம். ஆழ்ந்த ஆண் குரலுக்கு இன்னும் கீழே. அடுத்து 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில், குரலோடு மோதும் கிட்டாரிலோ கீபோர்டிலோ 2, 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். குரலில் ஏற்றுவதைவிட மற்றதில் குறைப்பது எப்போதும் இயல்பாக இருக்கும். ரிவெர்பை அணைத்து ஒரு தடவை கேளுங்கள். கலங்கல் போனால் ஈக்யூவின் தப்பு இல்லை.

உங்கள் அறையில் நன்றாக இருந்து வெளியே பேஸ் வீங்கினால் அல்லது காணாமல் போனால் அறைதான் பொய் சொல்கிறது. சின்ன அறைகளில் இது வழக்கம். நன்கு தெரிந்த ஒரு பாட்டை அதே ஒலி அளவில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள், ஹெட்ஃபோனிலும் பாருங்கள்.

## அறிகுறி 9: ஏற்றுமதி செய்த ஃபைல் வேறு மாதிரி இருக்கிறது

ஒரு ட்ராக் காணோம்: மறந்துபோன சோலோ அல்லது ம்யூட். கடைசி ரிவெர்ப் வெட்டுப்பட்டது: தேர்ந்தெடுத்த நீளத்தைச் சில செகண்ட் நீட்டுங்கள். மற்ற பாட்டுகளைவிடச் சத்தம் குறைவு: மாஸ்டரிங் (முடிந்த மிக்ஸை வெளியிடத் தயாராக்கும் கடைசிக் கட்டம்) நடக்கவில்லை என்று பொருள், மிக்ஸ் தவறல்ல. மிக உரக்க ஆக்கியும் பயனில்லை; ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்கள் சுமார் −14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத் தாமே இறக்கிவிடும்.

## மிக்ஸ் இன்ஜினீயரிடம் கொடுப்பது எப்போது?

பதிவுகள் சுத்தம், ஃபேடர் சமன் செய்தாயிற்று, இரண்டு மூன்று நாள் காதுக்கு ஓய்வு கொடுத்துக் கேட்டும் திருப்தி இல்லை என்றால், அப்போது கொடுக்கலாம். க்ளிப் ஆன ட்ராக்கோடு போனால் அவரும் மறுபடி பாடச் சொல்லித்தான் அனுப்புவார்.

கொடுக்கும்போது ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் ஃபைலாக, ரெக்கார்டு செய்த அதே சாம்பிள் ரேட்டில் எடுங்கள். மாஸ்டர் ப்ளகின்கள் அணைந்திருக்கட்டும். கிட்டாரின் டிலே மாதிரி வாசிப்போடு ஒட்டிய எஃபெக்ட் இருந்தால், அதோடு ஒரு ஃபைலும் அது இல்லாமல் ஒரு ஃபைலும் வையுங்கள். ஃபைல் பெயர் "ஆடியோ 14" என்று இல்லாமல் "குரல் முதன்மை", "குரல் துணை இடம்" என்று இருக்கட்டும். பாட்டின் டெம்போவை எழுதி, நீங்கள் செய்த உத்தேச மிக்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்த ஃபைல்களை மட்டும் ஒரு காலி ப்ராஜெக்டில் இழுத்துப் போட்டு, தொடக்கத்திலும் கடைசியிலும் சேர்கின்றனவா என்று ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள்.